அமெரிக்கக் கடிதம்

ஊரை விட்டு வந்து பிழைப்பவர்கள் நாம். தில்லியின் அரசுக் குடியிருப்புகளில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும், சம்பளம் வந்ததும் ஊருக்கு இவ்வளவு என்று முதலில் எடுத்து வைக்காத குடும்பம் நம்மிடையே அரிது. இதே பழக்கத்தால் வாழ்ந்து, இதே பழக்கத்தால் கலைந்தும் போன ஒரு மக்களின் கதையைச் சென்ற குளிர்காலத்தில் வாசித்தோம். அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியோர் எழுதிய கடிதங்களை ஆயிரக்கணக்கில் திரட்டி ஆராய்ந்து, கெர்பி மில்லர் என்னும் வரலாற்றாசிரியர் 1985-இல் வெளியிட்ட பெருநூல் அது. அதை மூடி வைத்த பின்னும் மனம் அதிலேயே கிடந்தது.

1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அந்நாட்டு ஏழைகளுக்கு அதுவே மூன்று வேளைச் சோறு. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். ஏறக்குறைய அதே அளவினர் கப்பலேறினர். 1847-ஆம் ஆண்டில் மட்டும் கனடாவின் குரோஸ் ஈல் தீவில், கரை கண்டும் ஊர் சேராமல், ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டனர். இவையெல்லாம் வரலாற்றுப் புத்தகங்களில் உள்ளவையே. தப்பிப் போய்ச் சேர்ந்தவர்கள் ஊரோடு உறவை எவ்வாறு காத்தனர் என்பதே நம்மைப் பற்றிக்கொண்ட செய்தி.

புறப்படும் நாளுக்கு முந்தைய இரவு அக்கம்பக்கத்தார் வீட்டில் கூடுவர். விடிய விடியப் பாட்டும் ஆட்டமும் உண்டு. இடையிடையே ஒப்பாரியும் எழும். இறந்தவர் அருகில் இராக்கண் விழிக்கும் சடங்கை, உயிரோடு இருப்பவருக்கே செய்து வழியனுப்பினர். அதற்கு ‘அமெரிக்க இழவு’ என்றே பெயர். கேட்கக் கொடுமையாக இருக்கலாம். ஆனால் அதில் பொய் இல்லை. பாய்மரக் கப்பலில் ஐந்தாறு வாரம் கடந்து போன பிள்ளை திரும்புவது அரிது என்பதைத் தாய் அறிந்தே அழுதாள். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் சென்று வர அரசே பயணச் சலுகை தருகின்ற நம் நிலை வேறு. ஆயினும் 2004-இல் எங்கள் தந்தையார் மறைந்தபோது, செய்தி எட்டி, ரயிலேறி, தஞ்சைப் பக்கத்து ஊருக்குப் போய்ச் சேர்கையில் சித்தப்பா மகன் கொள்ளி வைத்துப் பால் தெளிப்பும் முடிந்திருந்தது. இரண்டு இரவு ரயிலுக்கே இப்படி. தாய் இறந்த செய்தி வாரக்கணக்கில் கடலில் மிதந்து கடிதமாய் வந்து சேர்ந்தவர்களை என்னவென்பது? அதுவரை அவளுக்கு நலம் விசாரித்து எழுதிக்கொண்டல்லவா இருந்திருப்பார்கள்!

போனவர்களிடமிருந்து வருவதை ‘அமெரிக்கக் கடிதம்’ என்றனர். அது வந்த செய்தி பரவினால் தெருவே கூடும். எழுத்தறியாத வீடுகளில் பள்ளி ஆசிரியரோ பாதிரியாரோ உரக்கப் படிப்பார். இங்கேதான் ஒரு நுட்பமான துயரம் இருக்கிறது. மேற்கு அயர்லாந்தில் மேயோ, கால்வே, கெர்ரி முதலிய பகுதிகளில் பல குடும்பங்களின் வீட்டு மொழி ஐரிஷ். 1831-இல் தொடங்கிய தேசியப் பள்ளிகளோ நெடுங்காலம் ஆங்கில எழுத்தையே கற்பித்தன. ஆகவே, தாயோடு எந்த மொழியில் பேசி வளர்ந்தாளோ அந்த மொழியில் அவளுக்கு ஒரு வரி எழுத மகளால் இயலாது. ஆங்கிலத்தில் எழுதுவாள், அல்லது பிறரை எழுதச் சொல்வாள். ஊரில் ஒருவர் அதைப் படித்துப் பெயர்த்துச் சொல்வார். தாய்க்கும் மகளுக்கும் நடுவே ஊரே உட்கார்ந்திருக்கையில் அந்தரங்கமாக எதைத்தான் சொல்வது? நம் பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர். பாட்டியின் பழைய இன்லண்ட் கடிதத்தைக் கையில் கொடுத்தால், ‘நீங்களே படியுங்கள் அப்பா’ என்கின்றனர்.

கடிதத்தில் எழுதப்படாதவை மிகுதி. ஆண்களில் பலர் கால்வாய் வெட்டியும் இருப்புப்பாதை போட்டும் இடம் இடமாக அலைந்தனர். மணமாகாத பெண்கள் நியூயார்க், பாஸ்டன் நகரங்களில் பிறர் வீட்டில் தங்கிச் சமைத்தனர், துவைத்தனர். சோறும் இடமும் வேலை செய்யும் வீட்டிலேயே கிடைத்ததால் கூலியில் மிச்சம் பிடிக்க முடிந்தது. வீட்டார் பெரிதும் நம்பியது இந்த மகள்களையே.

அனுப்பிய காசு என்னவாயிற்று? முதலில் நிலக்கிழாரின் குத்தகைப் பாக்கி. அடுத்துக் கடைக்காரர் கடன். அதற்கும் மேல் மிஞ்சியது தம்பிக்கோ தங்கைக்கோ கப்பல் சீட்டாயிற்று. பல சமயம் காசுக்குப் பதிலாக, அங்கேயே பணம் கட்டி வாங்கிய சீட்டே உறைக்குள் இருக்கும். மூத்தவள் இரண்டாமவளை அழைத்தாள். அவள் மூன்றாமவனை அழைத்தாள். குடும்பத்தைத் தாங்க வந்த பணமே குடும்பத்தை ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போயிற்று. 1841-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 80 லட்சத்துக்கு மேல் இருந்த அயர்லாந்தின் மக்கள்தொகை, 1911-இல் 44 லட்சத்தையும் எட்டவில்லை. நிலவுடைமையின் கொடுமையை நாம் மறக்கவில்லை. எனினும் பஞ்சம் தொடங்கியதைப் பாசம் தொடர்ந்தது என்றே எங்களுக்குப் படுகிறது.

கடிதமும் அற்றுப்போன குடும்பங்கள் பல. பாஸ்டனில் வெளிவந்த ‘பைலட்’ என்னும் ஐரிஷ் கத்தோலிக்க இதழ், 1831 முதல் 1921 வரை, காணாமற்போன உற்றாரைத் தேடும் அறிவிப்புகளை வெளியிட்டு வந்தது. இன்ன ஊரான், இன்ன ஆண்டு வந்து இறங்கினான், கடைசியாக இன்ன இருப்புப்பாதை வேலையில் இருந்ததாகக் கேள்வி, தகவல் அறிந்தோர் அவன் தங்கைக்குத் தெரிவிக்க என்பன போன்ற வரிகள், தொண்ணூறு ஆண்டுகள்.

நியூயார்க்கில் 1850-இல் குடியேறிகளுக்கென்றே ஒரு சேமிப்பு வங்கி எழுந்தது. பணம் கேட்டு வருபவர் உரியவர்தாமா என்று சோதிக்க வேண்டும். பலருக்குக் கையெழுத்திடத் தெரியாது. ஆகவே கணக்குத் தொடங்கும்போதே பிறந்த ஊர், பெற்றோர் பெயர், உடன்பிறந்தோர், ஏறி வந்த கப்பல் ஆகியவற்றைக் கேட்டுப் பேரேட்டில் பதிந்தனர். எழுதிய குமாஸ்தாவுக்கு அது அன்றாட வேலை. (எழுத்தர் பணியை எள்ளுவோர் இதைக் கவனிக்க வேண்டுகிறோம்.) தன் பாட்டனாரின் பாட்டனார் எந்த ஊரார் என்று அறிய விரும்பும் அமெரிக்கப் பேரப்பிள்ளைகள் இன்று தேடிப் புரட்டுவது அந்தப் பேரேடுகளைத்தான். அவர் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்ட ஊர்ப் பெயர், அவருடைய தாயின் பெயருக்குப் பக்கத்தில், யாரோ ஒருவர் கையெழுத்தில் இருக்கிறது.