லாட வளைவில் ஒரு முழம் ஏரியல்

"மாமா, நீங்கதான் ரேடியோப் பைத்தியமாச்சே, இதை எடுத்துக்கங்க. வாங்கி மூணு வருஷமாச்சு, நான் தொடவே இல்லை."

பிட்ஸ்பர்க்கில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளை என் கையில் வைத்தது, ஐகாம் கம்பெனியின் ஐசி-ஆர்6 என்கிற கையடக்க ஸ்கேனர். இரண்டு பென்டார்ச் பேட்டரியில் ஓடுவது. சட்டைப்பையில் போட்டால் ரப்பர் ஏரியல் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும்.

என் தலைமுறைக்கு ரேடியோ என்றால் குமிழைத் திருகித் தேடுவதுதான். இலங்கை வானொலியையும் பிபிசி தமிழோசையையும் இரைச்சலுக்குள்ளிருந்து பிடித்து இழுத்த விரல்கள் இவை. ஸ்கேனர் அப்படியல்ல. எங்கெங்கே கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அது தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போகும். யாராவது பேசினால் நிற்கும், பேச்சு முடிந்ததும் அடுத்த கதவு. இந்தக் கருவி நொடிக்கு நூறு கதவு வரை தட்டும். 1300 கதவுகளை நினைவில் வைத்துக்கொள்ளும். 0.1 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 1300-ஐயும் தாண்டிப் போகிறது. மீடியம் வேவ், சிற்றலை, எஃப்எம், விமானம், கப்பல், தீயணைப்பு வண்டி, ரயில் எல்லாம் இதற்குள் அடக்கம்.

நடுவில் ஒரு பொத்தல் மட்டும் உண்டு. 1994 ஏப்ரலுக்குப் பிறகு அமெரிக்காவில் செய்து விற்கும் ஸ்கேனர்களில் பழைய செல்பேசி அலைவரிசைகளை அடைத்துவிட வேண்டும் என்பது சட்டம். அதற்கு முன் வந்த கருவிகளை என்ன செய்வது? 1996 டிசம்பரில் ஃப்ளோரிடாவில் ஒரு தம்பதி, சபாநாயகர் நியூட் கிங்ரிச்சும் கட்சிக்காரர்களும் தொலைபேசியில் நடத்திய ரகசிய ஆலோசனையை ஸ்கேனரில் பிடித்து டேப்பில் பதிவுசெய்துவிட்டார்கள். பேசியவர்களில் ஒருவர் அப்போது காரில் செல்பேசியோடு இருந்தார், அவ்வளவுதான். விஷயம் வழக்கு வரை போயிற்று.

எண் பொத்தான்கள் கிடையாது என்பதால் இந்தக் கருவியில் கையாலேயே அலைவரிசை ஏற்றுவது விரல் நோகும் வேலை. மாப்பிள்ளை லேப்டாப்பில் கேபிளைச் செருகி, எங்கிருந்தோ எடுத்த பட்டியலை ஒரே தட்டில் உள்ளே இறக்கினார். எண்ணூறு அலைவரிசை. "இப்ப பென்சில்வேனியாவே உங்க பையில இருக்கு மாமா" என்றார். நானும் நம்பினேன்.

மறுநாள் ஆல்டூனாவுக்குப் போனோம். காரில் இரண்டு மணி நேரம். ஊருக்கு மேற்கே மலைச்சரிவில் ரயில்பாதை குதிரை லாடம் போல வளைந்து திரும்புகிறது. நேராக ஏற முடியாத மலையை, பள்ளத்தாக்கைச் சுற்றி வந்து சாய்வாக ஏறுவதற்குச் செய்த உபாயம். 1854 பிப்ரவரி 15 அன்று திறந்தார்கள். மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு அதை வெட்டிய தொழிலாளர்கள் ஏறக்குறைய 450 பேர், பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள். 1942-இல் நாஜி ஜெர்மனி நீர்மூழ்கிக் கப்பலில் அனுப்பிய நாசகாரர்களின் இலக்குப் பட்டியலில் இந்த வளைவும் இருந்தது. இன்றும் இதுதான் முக்கியப் பாதை. மூன்று தடங்கள், நார்ஃபோக் சதர்ன் கம்பெனியின் சரக்கு வண்டிகள். வளைவின் நடுவில் உள்ள பூங்காவுக்கு 194 படிகள். இழுவை ரயில் உண்டு என்றாலும் வீம்புக்குப் படியேறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது முழங்கால் தனியாகப் பேசிக்கொண்டிருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கேனரை முடுக்கினேன். ஓர் இயந்திரக் குரல் நாளைய வானிலையைச் சொல்லத் தொடங்கியது. சொல்லி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. அமெரிக்க வானிலை ஒலிபரப்பு இரவும் பகலும் ஓயாமல் பேசும் அலைவரிசை. பேச்சு நின்றால்தானே ஸ்கேனர் நகரும்? கையால் தள்ளிவிட்டேன். இரண்டு நொடியில் ஏதோ இரைச்சலில் நின்றது. அதையும் தள்ளினேன். திரும்ப வானிலை. இதற்குள் கண்ணெதிரே ஒரு நீண்ட கன்டெய்னர் வண்டி முக்கி முனகி ஏறிப் போயே போய்விட்டது. அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை.

பக்கத்துப் பெஞ்சில் எழுபது தாண்டிய ஒருவர் சிரித்தார். அவர் மடியில் பெயின்ட் தேய்ந்த பழைய பேர்கேட் ஸ்கேனர்.

"எத்தனை சேனல் போட்டிருக்கிறீர்கள்?"

"எண்ணூறு."

"என்னிடம் ஆறு."

இதே பாதையில் ஹெல்ப்பர் இன்ஜின் ஓட்டி ஓய்வுபெற்றவர். மலையேறும் வண்டிக்குப் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்துத் தள்ளும் இன்ஜின் அது. நம்மூர் ரயில்வேயில் பேங்கர் என்பார்கள். பெயரை எழுத வேண்டாம் என்றார். என் கருவியை வாங்கி முதல் காரியமாக வானிலையைத் தாவச் செய்தார். அப்புறம் ஒரு காலி பேங்க்கைத் திறந்தார். பேங்க் என்பது நினைவிடங்களைப் பிரித்துக்கட்டும் மூட்டை; வேண்டிய மூட்டையை மட்டும் அவிழ்த்துக் கேட்கலாம்.

அமெரிக்க ரயில் சேனல்களுக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. 160.110-உடன் சேனல் எண்ணை 0.015-ஆல் பெருக்கிக் கூட்டினால் அலைவரிசை. இந்த மலைப்பாதை 46-ஆம் சேனல்: 160.800. அவர் குமிழைத் திருகித் திருகி அந்த எண்ணில் நிறுத்தியதைப் பார்க்க, தச்சர் ரசமட்டம் வைப்பது போலிருந்தது. பேச்சு நின்ற பிறகு சில நொடி காத்திருந்து நகரும்படி தாமதத்தைக் கூட்டினார். "கேள்வி கேட்டு முடிந்ததும் ஓடிவிட்டால் பதிலை யார் கேட்பது?" இரைச்சலை அடைக்கும் ஸ்குவெல்ச் என்ற அமைப்பை, இரைச்சல் அடங்குகிற இடத்துக்கு ஒரு பல் மேலே வைத்தார். அதற்கு மேல் ஏற்றினால் மலைக்குப் பின்னாலிருந்து வரும் மெல்லிய குரலும் இரைச்சலோடு சேர்ந்து அடைபட்டுவிடும். 2013 ஜனவரியிலிருந்து இங்கே ஒவ்வொரு சேனலும் முன்னைவிடப் பாதி அகலத்தில் பேசியாக வேண்டும். பழைய அகலத்துக்கென்று அமைத்த கருவியில் குரல் சோனியாகக் கேட்கும். அதற்காக ஒலியையும் கூட்டினார்.

கடைசியாக என் ரப்பர் ஏரியலைக் கழற்றித் தன்னுடைய இழுவை ஏரியலை மாட்டினார். அதில் ஓரிடத்தில் சிவப்பு நகப்பூச்சு. 75-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் ஏரியலின் நீளம் மீட்டரில் வரும், 160.8-க்கு ஏறக்குறைய 47 சென்டிமீட்டர். பூச்சு வைத்த இடம் வரை இழுத்துவிட்டு நிமிர்ந்தார். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை வைத்துப் பார்த்தேன். சரியாக ஒரு முழம். மதுரையில் பூக்காரம்மா அளந்து கொடுக்கிற அதே முழம்.

எண்ணூறு போய் இரண்டு மிஞ்சியது. ஒன்று 160.800. மற்றது 457.9375.

இந்த இரண்டாவதைத்தான் நான் மறக்க மாட்டேன். அதில் யாரும் பேசுவதில்லை. அமெரிக்கச் சரக்கு வண்டிகளில் இப்போது கடைசிப் பெட்டியில் கார்டு கிடையாது. அவர் இருந்த இடத்தில் ஒரு பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். வால் வரைக்கும் பிரேக் குழாயில் காற்றழுத்தம் இருக்கிறதா என்று அது அவ்வப்போது முன்னாலிருக்கும் இன்ஜினுக்குச் சொல்லிக்கொண்டே வரும். காதில் அது 'க்ரிக்' என்று ஒரு சில்வண்டுச் சத்தம். சக்தி குறைந்த ஒலிபரப்பு என்பதால் வண்டி சில மைலுக்குள் வந்தால்தான் கேட்கும். பதினைந்து நிமிடம் மௌனம். பிறகு ஒரு 'க்ரிக்'. பெரியவர் என் முழங்கையைத் தொட்டு மேற்கே கையைக் காட்டினார். பாதையில் ஒன்றுமில்லை. அக்டோபர் மாதம், மலை முழுக்க மஞ்சளும் சிவப்புமாக இலைகள். இன்னொரு 'க்ரிக்', முன்னைவிடத் தெளிவாக.

அடுத்து 160.800 விழித்துக்கொண்டது. மனிதக் குரல் அல்ல, தண்டவாளத்தோரத்துச் சோதனைக் கருவியின் குரல். சக்கரத்தின் அச்சுமுனை சூடேறியிருக்கிறதா, ஏதாவது தரையில் இழுபடுகிறதா என்று பார்த்து, கடந்துபோன வண்டிக்கு ரேடியோவிலேயே அறிக்கை படிக்கும். கம்பெனியின் பெயர், மைல்கல் (பழைய பென்சில்வேனியா ரயில்ரோட்டின் வழக்கப்படி பிலடெல்பியாவிலிருந்து எண்ணியது), தட எண், குறைபாடு இல்லை, மொத்த அச்சுகள் 424.

"நூறு பெட்டி. முன்னால் இரண்டு இன்ஜின், பின்னால் இரண்டு. நிலக்கரியாக இருக்கும்" என்றார் பெரியவர். எப்படி என்று கேட்டேன். இன்ஜினுக்கு ஆறு அச்சு, நான்குக்கு இருபத்துநான்கு. மிச்சம் நானூறு, பெட்டிக்கு நான்கு. சற்று நேரத்தில் மரங்களுக்குள்ளிருந்து கறுப்பு வண்டி இறங்கி வந்தது. நான் எண்ணினேன். தொண்ணூற்றேழில் கணக்குத் தப்பிவிட்டது. பின்னால் இரண்டு ஹெல்ப்பர் இருந்தது நிச்சயம். இறக்கத்தில் அவை தள்ளுவதில்லை, பிடித்து நிறுத்துகின்றன.

"குறைபாடு இல்லை" என்ற அந்தச் சலிப்பூட்டும் வாசகத்தின் மதிப்பு 2023 பிப்ரவரி 3 இரவு தெரிந்தது. ஒஹையோ எல்லையில் ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற சிற்றூரில், ஒரு பெட்டியின் அச்சுமுனை பழுதாகி 38 பெட்டிகள் தடம்புரண்டன. சில பெட்டிகளில் நச்சு ரசாயனம். அந்த வண்டி வழியில் மூன்று சோதனைக் கருவிகளைக் கடந்திருந்தது. முதல் கருவியில் அந்த அச்சுமுனையின் சூடு சுற்றுப்புறத்தைவிட 38 டிகிரி ஃபாரன்ஹீட் அதிகம். பத்து மைல் தள்ளி 103. அதற்கும் இருபது மைல் தள்ளி 253. நிறுத்தச் சொல்லும் அளவை மூன்றாவதில்தான் தாண்டியது. டிரைவர் பிரேக் போட்டுக்கொண்டிருக்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. இதைச் சொல்லும்போது பெரியவர் என்னைப் பார்க்கவில்லை. கருவிகளுக்கு நடுவே இருபது மைல் விட்டது யார் கணக்கு என்று மட்டும் கேட்டார். எனக்கும் அதே கேள்விதான்.

தன் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோதுதான் மனிதர் உற்சாகமானார். பின்னாலிருந்து தள்ளுபவனுக்கு முன்னால் இருப்பது எதுவும் தெரியாது. ஒரு மைலுக்கு மேல் நீளமான வண்டி; முன்பாதி ஒரு வளைவில், பின்பாதி இன்னொன்றில். அதிகமாகத் தள்ளினால் நடுவிலிருக்கும் காலிப் பெட்டி வளைவில் பிதுங்கி வெளியே குதிக்கும். குறைவாகத் தள்ளினால் முன்னால் இழுப்பு கூடி, இணைப்பின் இரும்புக் கொக்கி முறியும். கொக்கி ஒன்று 80 பவுண்டுக்கு மேல். நடுராத்திரி மழையில் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு கருங்கல் ஜல்லியில் நடக்க வேண்டும். நீராவிக் காலத்தில் இரு டிரைவர்களும் விசில் ஊதிப் பேசிக்கொண்டார்கள். இவர் காலத்தில் ரேடியோ. முன்னால் இருப்பவர் சொல்லும் இரண்டு வார்த்தையில், சொல்லும் தொனியில், எட்டுப் படி உள்ள விசையை எந்தப் படியில் வைப்பது என்று தெரிந்துவிடுமாம். ஓய்வுபெற்றும் இந்தப் பெஞ்சை விடாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அன்று மாலைவரை டிரைவர்களும் கட்டுப்பாட்டு அறையும் பேசியதை நிறையவே கேட்டேன். அதில் ஒரு வரிகூட இங்கே இல்லை. நோட்டுப்புத்தகத்தை எடுத்ததுமே பெரியவர் விரலை உயர்த்தினார். "இயந்திரம் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். மனிதர்கள் சொல்வதை வேண்டாம்." இந்த நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது: இத்தகைய பேச்சைக் கேட்பது குற்றமில்லை, கேட்டதை வெளியே சொல்வதிலும் அதை வைத்து ஆதாயம் தேடுவதிலும்தான் வில்லங்கம். அவருக்குச் சட்டம் பெரிதல்ல. ஒருவன் தவறு செய்து திட்டு வாங்கியதைக் கேட்டிருக்கிறார், ஒருவன் குரல் நடுங்கியதைக் கேட்டிருக்கிறார், மறுநாள் அதே ஆளைக் கடையில் பார்த்திருக்கிறார்.

இதெல்லாம் எத்தனை நாளைக்கு? அமெரிக்கக் காவல்துறைகள் பலவும் பேச்சைச் சங்கேதமாக்கி மூடிவிட்டன. மாப்பிள்ளையின் எண்ணூறில் பாதி வெறும் ஊமை. ரயில் கம்பெனிகளும் டிஜிட்டலுக்குத் தரம் வகுத்து வைத்திருக்கின்றன; அது வந்தால் என் கருவியில் கரகரப்புதான் மிஞ்சும். "என் காலம் வரைக்கும் போதும்" என்றார் பெரியவர். தன் ஏரியலைத் திருகிக் கழற்றிக்கொண்டு, என் ரப்பர் ஏரியலைத் திருப்பி மாட்டிக் கொடுத்தார்.

படியிறங்குகையில் மகள் கேட்டாள்: "இதை ஊருக்கு எடுத்துட்டுப் போறியாப்பா? மதுரை ஜங்ஷன்ல உக்காந்து கேக்கலாமே."

கொண்டுவரவில்லை. இந்தியாவில் உரிமம் இல்லாமல் இப்படியொரு கருவியைக் கையில் வைத்திருப்பதே சட்டவிரோதம்; 1933-ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டு அப்படித்தான். ஸ்கேனர் பிட்ஸ்பர்க்கில் மாப்பிள்ளையின் மேசை இழுப்பறையில், இரண்டே அலைவரிசையோடு இருக்கிறது. கசிந்துவிடக் கூடாதே என்று பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தேன்.