ரோமாபுரிக்கு எந்தச் செருப்பு?

ரோமாபுரிக்குப் புறப்படுகிறீர்களா? ரொம்ப சந்தோஷம். பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட் எல்லாம் தயார். ஸ்வெட்டர் வாங்கியாகிவிட்டது. புளிக்காய்ச்சலை டப்பாவில் அடைத்து, அது பெட்டிக்குள் கசியுமா கசியாதா என்று வீட்டில் ஒரு மகாநாடே நடந்து முடிந்திருக்கும். எல்லாம் சரி. காலில் எதைப் போட்டுக்கொண்டு போகப் போகிறீர்கள்?

"இது ஒரு கேள்வியா? முதல் நாள் கடைத்தெருவுக்குப் போய் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டால் போயிற்று" என்றுதானே சொல்கிறீர்கள்? சற்றுப் பொறுங்கள். அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ரோமாபுரி, காரில் உட்கார்ந்தபடி பார்க்கிற ஊர் அல்ல. பூமியைத் தோண்டினால் ஏதாவது ஒரு பழைய மண்டபமோ குளியல் கூடமோ தலையை நீட்டுகிறது. அதனால் பாதாள ரயில் போடுவது அங்கே லேசான காரியமில்லை. அவ்வளவு பெரிய தலைநகரத்துக்கு மூன்றே தடங்கள்தான். பாந்தியன் கோயிலுக்கும் நவோனா சதுக்கத்துக்கும் பக்கத்தில் ஸ்டேஷனே கிடையாது. கொலோசியத்தில் ஆரம்பித்து, போரம் என்னும் இடிபாடுகளைச் சுற்றி, காபிடோலின் குன்றில் ஏறி இறங்கி, த்ரேவி நீரூற்றில் காசு போட்டுவிட்டு பாந்தியனுக்கு வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். எல்லாம் நடைதான். வாடிகன் மியூசியத்தின் கூடங்களை ஒன்றோடொன்று சேர்த்து நீட்டினால் சுமார் 7 கிலோமீட்டர் வரும் என்கிறார்கள். புனித பேதுரு ஆலயத்தின் குவிமாட உச்சிக்கு 551 படிகள். "லிப்ட் இருக்கிறதே!" என்று சந்தோஷப்படாதீர்கள். லிப்ட் பாதி வழியில் இறக்கிவிட்டுவிடும். மிச்சம் 320 படிகளை உங்கள் முழங்கால்தான் ஏற வேண்டும். திருச்சி மலைக்கோட்டை ஏறிப் பழகினவர்களுக்கு இது பெரிதா என்று கேட்கலாம். மலைக்கோட்டையில் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு அல்லவா ஏறுகிறோம்!

இத்தனைக்கும் மேல் அந்தத் தெருக் கல். அதற்கு சாம்பியெத்ரினி என்று பெயர். புனித பேதுருவின் பெயரை ஒட்டி வந்தது. எரிமலைக் குழம்பு ஆறி இறுகின கறுத்த கல்லை, உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, மணலில் பதித்து, 16-ம் நூற்றாண்டு முதல் தெருவெல்லாம் பரப்பி வந்திருக்கிறார்கள். பார்வைக்கு அழகு, கறுப்பு மைசூர்பாகு வில்லைகளை அடுக்கின மாதிரி. ஆனால் ஒரு கல் மேடாக நிற்கும். பக்கத்துக் கல் அமுங்கிக் கிடக்கும். நடுவே ஒரு விரல் நுழையும்படி இடைவெளி. குச்சிக் குதி வைத்த செருப்பு அதில் மாட்டிக்கொண்டால், செருப்பு பின்னால் நிற்கும், அம்மாள் முன்னால் போவாள். மழை பெய்துவிட்டால் வழுக்குப் பாறைதான். ஒதுங்கலாம் என்று பாந்தியனுக்குள் ஓடினால், கூரையின் நடுவில் வானம் பார்த்த பெரிய துவாரம்! மழை உள்ளேயும் பெய்யும். தண்ணீர் வடிவதற்காகப் பளிங்குத் தரையில் துளைகள் போட்டிருக்கிறார்கள்.

பழைய ரோமானியர்களே கல்தரையில் கஷ்டப்பட்டவர்கள்தான். அவர்களுடைய சிப்பாய்கள் அணிந்த கலிகா என்னும் பாதரட்சையின் அடியில் இரும்பு ஆணிகள் வரிசையாக அடித்திருக்கும். (கொடுங்கோலன் காலிகுலாவுக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான். தகப்பனாரின் பாசறையில் சின்னஞ்சிறு கலிகா மாட்டிக்கொண்டு திரிந்த பிள்ளையைச் சிப்பாய்கள் 'குட்டிப் பூட்ஸ்' என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள்.) மண் பாதைக்கு ஆணி அபாரமான பிடி. கல்லிலோ கதை வேறு. கி.பி. 70-ல் நடந்த ஜெரூசலம் முற்றுகையில், ஜூலியானஸ் என்ற மகா வீரன் எதிரிகளை ஒற்றை ஆளாக விரட்டிக்கொண்டு ஆலயப் பிராகாரத்தில் ஓடினான். ஆணி அடித்த செருப்பு கல்தரையில் வழுக்கிற்று. தடாலென்று விழுந்தவன் எழுந்திருப்பதற்குள் சூழ்ந்துகொண்டு கொன்றுவிட்டார்கள். சரித்திராசிரியர் ஜோசிபஸ் இதை எழுதி வைத்திருக்கிறார்.

நமக்கு உயிர் போகாது. ஆனால் வேறொன்று போகும். நான் சென்ற யாத்திரைக் குழுவில், கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் வந்திருந்தார். பிள்ளைகள் யாரும் அனுப்பவில்லை. சேமநிதிப் பணத்தில் தாமே டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர். சிஸ்டைன் ஆலயத்து விதானச் சித்திரத்தை ஒரு பழைய காலண்டரில் வைத்துக்கொண்டு முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் காட்டியவர். அதை நேரில் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. புறப்படுவதற்கு முதல் நாள் பளபளவென்று ஒரு ஜோடி ஷூ வாங்கியிருக்கிறார். முதல் நாள் கொலோசியம், போரம். சாயங்காலம் லேசாக நொண்டினார். இரண்டாம் நாள் இரு குதிகாலிலும் கொப்புளம். மூன்றாம் நாள்தான் வாடிகன். அந்த டிக்கெட்டுக்குத் தேதியும் மணியும் குறித்திருக்கும், தவறினால் தவறினதுதான். அதற்கு மறுநாள் நாங்கள் பிளாரன்ஸுக்கு ரயில் ஏற வேண்டும்.

"மெள்ள மெள்ள வந்துவிடுங்களேன் டீச்சர், நாங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறோம்" என்றேன்.

ஹோட்டல் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். "மைக்கலாஞ்சலோ நாலு வருஷம் சாரத்தின் மேல் நின்றுகொண்டு, அண்ணாந்து பார்த்தே வரைந்தாராம் சார். எனக்கு நாலு மணி நேரம் நிற்கக் கொடுத்து வைக்கவில்லை. நீங்கள் போய்விட்டு வாருங்கள். வரும்போது பெரிய படமாக ஒன்று வாங்கி வாருங்கள்" என்றார். வாங்கி வந்து கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதற்குத்தான் ஓட்டக்காரர்கள் போடுகிற ஸ்னீக்கர் இருக்கிறதே" என்பீர்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. கால் பஞ்சின் மேல் வைத்தாற்போல் இருக்கும். ஆனால் அதன் வலைத்துணி வழியாக மழைத் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். மாலையில் நல்ல இடத்துக்குச் சாப்பிடப் போக வேறு ஜோடி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டுப் புடவைக்குக் கீழே அதைப் போட்டுக்கொள்ள அறுபதைத் தாண்டிய நம் தாய்மார்கள் பலருக்கு மனசு ஒப்புவதில்லை. மகன் வாங்கிக் கொடுத்ததைப் பீரோவில் பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டுப் பழைய ரப்பர் செருப்போடு விமானம் ஏறின மாமிகளை நான் பார்த்திருக்கிறேன். ரப்பர் செருப்பு ஹோட்டல் அறைக்குச் சரி. நாள் முழுவதும் நடந்தால், அது நழுவாமலிருக்க விரல்கள் ஓயாமல் பற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலம் ஆடுசதை கெட்டித்துப் போகும்.

அப்படியானால் எதை வாங்குவது? முதலில், இங்கேயே வாங்குங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலிருந்து ஐரோப்பாவுக்குத் தோல் செருப்பும் ஷூவும் கப்பல் கப்பலாகப் போகின்றன. அங்கே யூரோவைக் கொட்டி வாங்கின ஷூவை வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால், 'இந்தியாவில் செய்தது' என்றே இருக்கக்கூடும்.

கடைக்குச் சாயங்காலம் போங்கள். பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும்; ரோமாபுரியிலும் அப்படித்தான் வீங்கப் போகிறது. உட்கார்ந்தபடி அளவு கொடுக்காதீர்கள். நின்றால்தான் பாதம் தன் முழு நீளத்தையும் காட்டும். இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம்; பெரிய காலுக்குத் தகுந்தபடி வாங்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். இறக்கத்தில் நடக்கும்போது கால் முன்னே சரிந்து நகம் இடிக்காமலிருக்க அந்த இடம் வேண்டும்.

நீளத்தைவிட அகலம் முக்கியம். நம்மில் பெரும்பாலோர் வெறுங்காலோடும் திறந்த செருப்போடும் வளர்ந்தவர்கள். அப்படி வளர்ந்த பாதம் முன்பக்கம் விசிறி மாதிரி விரிந்திருக்கும். அதைக் கூர்மூக்கு ஷூவுக்குள் திணித்தால், எட்டு பேர் உட்கார்ந்த பெஞ்சில் பத்துப் பேரை உட்கார வைத்த கதைதான். இதற்கு ஒரு சுலபமான பரீட்சை உண்டு. ஷூவின் உள்மெத்தையை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, அதன் மேல் நின்று பாருங்கள். பாதம் ஓரங்களில் வழிகிறதா? அந்த ஷூ உங்களுக்கு ஆகாது. கடைக்காரர் "போடப் போட இளகும்" என்பார். தோல் கொஞ்சம் இளகும் என்பது வாஸ்தவம்தான். எலும்பு இளகுமா?

பிறகு ஷூவைக் கையில் எடுத்து வளையுங்கள். விரல் மடங்குகிற இடத்தில் அது மடங்க வேண்டும். நட்டநடுவில் மடங்கினால் வேண்டாம். ஈரத் துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். எளிதாக முறுக்கிக்கொண்டால் அதுவும் வேண்டாம். குதிகாலைச் சுற்றி வரும் பின்பக்கத்தைக் கிள்ளிப் பாருங்கள். விறைப்பாக நிற்க வேண்டும். அடிப்பாகம் கனமான ரப்பராக, வரிவரியாக வெட்டு உள்ளதாக இருக்கட்டும். தோல் அடி அந்தக் கல்லில் நனைந்தால் வழுக்கும். கோலாப்பூரிச் செருப்பை எனக்கும் பிடிக்கும். ஆனால் அதன் மெல்லிய தட்டை அடி வழியாக ஒவ்வொரு கல்லும் காலுக்குப் பேர் சொல்லும். குதி இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரம் இருக்கலாம், அகலமாக.

ஆண்களுக்கு டெர்பி என்னும் கயிறு கட்டும் ஷூவைச் சிபாரிசு செய்வேன். அதில் கயிறு கட்டும் மடல்கள் இரண்டும் மேலே தைத்து விடப்பட்டிருப்பதால், கால் வீங்கினால் தளர்த்திக்கொள்ளலாம். பெண்களுக்குப் பாதத்தின் மேல் வாரும் பக்கிளும் உள்ள, முன்பக்கம் வட்டமான தோல் ஷூ நல்லது. வெயில் காலமானால், பின்வாருடன் கூடிய கெட்டிச் சாண்டல். வார் என்று ஒன்று இல்லாத செருப்பை அந்த ஊர்க் கல்லில் நான் நம்பமாட்டேன்.

உள்ளங்கால் வளைவை ஷூ தாங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். இதைக் கண்டறிந்து பிழைத்தவர் ஓர் இத்தாலியர். சல்வதோரே பெர்ரகாமோ என்று பெயர். ஹாலிவுட் நட்சத்திரங்களுக்கு அழகழகாய் ஷூ செய்து கொடுத்தவர், அழகான ஷூ ஏன் வலிக்கிறது என்று யோசித்து, கலிபோர்னியாவில் சர்வகலாசாலைக்கே போய் உடற்கூறு படித்தார். நிற்கும்போது பாரம் அந்த வளைவில் இறங்குகிறது என்று கண்டு, அங்கே எஃகுப் பட்டை வைத்துத் தைத்தார். 1935-ல் இத்தாலி எத்தியோப்பியாவின் மேல் படையெடுத்த பிறகு எஃகுக்குத் தட்டுப்பாடு வந்தது. உடனே கார்க்கை நிரப்பி, குதியும் அடியும் ஒன்றாகச் சேர்ந்த ஷூ செய்தார். பிளாரன்ஸில் அவருடைய ஷூக்களுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது.

அந்த எத்தியோப்பியாவிலிருந்து 1960 ரோமாபுரி ஒலிம்பிக்குக்கு வந்தார் அபேபே பிகிலா. கிடைத்த ஷூ காலுக்குச் சரிப்படவில்லை. வெறுங்காலோடு 42 கிலோமீட்டர் ஓடி, கான்ஸ்டன்டைன் வளைவின் அருகே, ராத்திரி தீப்பந்த வெளிச்சத்தில், 2 மணி 15 நிமிஷம் 16 விநாடியில் முதலாவதாக வந்து உலக சாதனை செய்தார்! 1964-ல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டும் அவரே ஜெயித்தார். கடிக்கிற ஷூவைக் கழற்றி வீசுகிற துணிவு நமக்கும் வேண்டும்தான். ஆனால் அவர் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர். ஆகவே நாம் அதைக் கடையிலேயே செய்துவிடுவது உத்தமம்.

வாங்கினது போதாது, பழக்க வேண்டும். பிரயாணத்துக்கு மூன்று நாலு வாரம் முன்பே வீட்டுக்குள் ஒரு மணி நேரம், பிறகு மாடவீதியை நாலு சுற்று, பிறகு அரை நாள். அங்கே போடப்போகிற அதே மேஜோட்டுடன் நடங்கள். முழுப் பருத்தி மேஜோடு வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளி கலந்தது மேல். புடவை கட்டுகிறவர்கள் ஷூவைப் போட்டுக்கொண்டு கொசுவம் வைத்துப் பாருங்கள். படியில் தடுக்குமா என்பது அப்போதுதான் தெரியும். வாசல் கல்லில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, யாருடைய கையையாவது பிடித்துக்கொண்டு, வழுக்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அக்கம்பக்கத்தார் சிரித்தால் சிரிக்கட்டும்.

இன்னொரு விஷயம். நம் ஊரில் ஸ்தல யாத்திரை போனால் கோயிலுக்குக் கோயில் செருப்பைக் கழற்றுகிறோம். காலுக்குக் காற்று கிடைக்கிறது. ரோமாபுரி ஆலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பார்கள். செருப்பைக் கழற்றச் சொல்வதில்லை. காலையில் மாட்டின ஷூவுக்குள் பத்து மணி நேரம் கால் சிறையிருக்கும். ஆகையால் மத்தியானம் ஓர் இடத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, மேஜோட்டை மாற்றுங்கள். ஸ்பானியப் படிக்கட்டில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். 135 படிகள் பார்க்கச் சபலமாகத்தான் இருக்கும். 2019 முதல் அங்கே உட்கார்ந்தால் அபராதம். எங்காவது சுருக்கென்று சூடு தெரிந்தால், "அடுத்த சர்ச்சையும் பார்த்துவிடலாம்" என்று நடக்காமல், அந்த இடத்திலேயே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருந்தால் அந்தச் சூடு தெரியாது. ஆகவே புறப்படுமுன் டாக்டரிடம் காலைக் காட்டிவிட்டு, அங்கே ராத்திரிதோறும் பாதத்தைத் திருப்பி, விரலிடுக்கு உட்படப் பார்க்க வேண்டும்.

கூடுமானால் இரண்டு ஜோடி கொண்டுபோய் மாற்றி மாற்றிப் போடுங்கள். கனமானதை விமானத்தில் போட்டுக்கொண்டால் பெட்டியில் பாரம் குறையும். ஆனால் பறக்கும்போது கால் வீங்கும், கயிற்றைத் தளர்த்தி விடுங்கள். மழையில் நனைந்த தோல் ஷூவை ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் வெடித்துப் போகும். பத்திரிகைக் காகிதத்தைக் கசக்கி உள்ளே அடைத்து, நிழலில் வைத்தால் காலைக்குள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதற்காக இந்த இதழைக் கையோடு எடுத்துப் போய்விடாதீர்கள். வீட்டில் இருப்பவர்கள் இன்னும் தொடர்கதை படிக்கவில்லை.