பாப்பாவின் ஓட்டு

2020 நவம்பர் 4, புதன்கிழமை. விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிட்டேன். காபியோடு வந்த என் மனைவி, "நம்ம ஊர் எலெக்‌ஷனுக்குக்கூட இப்படி எழுந்ததில்லையே" என்றாள். உண்மைதான். நம் ஊர்த் தேர்தல் என்றால் பணியில் இருந்த காலத்தில் எனக்கு அது டியூட்டி. அமெரிக்கத் தேர்தல் எனக்கு எப்போதும் வெறும் செய்தி. அந்த முறை அப்படி இல்லை. என் மகளின் ஓட்டு அதில் இருந்தது.

மகளை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை இருக்கிறான், இன்னும் அவள் பாப்பாதான். இருப்பது பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்ஃபியாவுக்கு வெளியே ஒரு புறநகரில். குடியுரிமை கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவள் வாழ்க்கையில் அங்கே போட்ட முதல் ஓட்டு அது. கொரோனா காலம் என்பதால் வாக்குச்சாவடிக்குப் போகாமல் தபால் ஓட்டு வாங்கியிருந்தாள்.

அக்டோபரில் ஒரு நாள் வீடியோ அழைப்பில் அந்த உறைகளைக் காட்டினாள். உள்ளே ஓர் உறை, வெளியே ஓர் உறை. சீட்டை உள் உறையில் போட்டு ஒட்ட வேண்டும். அதை வெளி உறையில் வைத்து, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். உள் உறை இல்லாமல் வந்தால் ஓட்டு செல்லாது என்று அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் செப்டம்பரில்தான் தீர்ப்புச் சொல்லியிருந்தது. இப்படி உள்ளாடை இல்லாமல் வரும் சீட்டுக்கு அங்கே 'நிர்வாண ஓட்டு' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தேர்தல் பணிக்குப் போகும் அரசு ஊழியர்கள் நாங்களும் இப்படித்தானே தபால் ஓட்டுப் போட்டோம்! சிறு உறை, பெரிய உறை, உறுதிமொழிப் படிவம், அதில் கெஜட்டட் அதிகாரியின் சான்றொப்பம். ஊருக்கே தேர்தல் நடத்துகிறவர்கள், படிவத்தில் ஒரு கையெழுத்தை விட்டுவிட்டுச் செல்லாத ஓட்டுப் போட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே முப்பது வருட குமாஸ்தாவாக அவளிடம் கேட்டேன்: "தேதி போட்டியா? கையெழுத்து போட்டியா? உள் உறையை ஒட்டினியா?" "அப்பா, மூணு தடவை பார்த்துட்டேன்" என்றாள். அதைக் கொண்டுபோய் அரசு வைத்திருந்த பெட்டியில் போட்டுவிட்டும் வந்தாள். உறை வந்து சேர்ந்தது என்று இரண்டொரு நாளில் இணையத்திலும் காட்டியது.

அதோடு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நம் ஊரில் தபால் ஓட்டைத்தான் முதலில் எண்ணத் தொடங்குவார்கள். பென்சில்வேனியாவில் தேர்தல் நாள் காலை ஏழு மணிக்கு முன்னால் தபால் உறையைப் பிரிக்கவே சட்டம் இடம் தரவில்லை. வந்தவை சுமார் 26 லட்சம். சாவடியில் போட்ட ஓட்டுகள் அன்றிரவே வந்துவிடும். உறையில் வந்தவை நாள் கணக்கில் இழுக்கும். சாவடிக்குப் போய்ப் போடுங்கள் என்று டிரம்ப் தன் ஆட்களிடம் சொல்லியிருந்தார். பைடன் பக்கத்தவர்கள்தான் பெரும்பாலும் தபாலில் போட்டார்கள். ஆகவே முதலில் டிரம்ப் மலைபோல முந்துவார், பிறகு மலை கரையும் என்று விவரம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'சிவப்புக் கானல்' என்று அதற்கொரு பெயரும் இருந்தது.

இன்னொன்றும் எனக்குப் புதிது. அந்த நாட்டில் நம் தேர்தல் ஆணையத்தைப் போல எல்லாத் தொகுதிக்கும் ஒரே இடத்திலிருந்து முடிவு சொல்லும் அமைப்பு கிடையாது. ஒவ்வொரு கவுண்டியும் தனித்தனியே எண்ணுகிறது. அதைக் கூட்டிப் பார்த்து 'இவர் ஜெயித்தார்' என்று அன்றே சொல்வது பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும்தான். அசோசியேட்டட் பிரஸ் 1848 முதல் அந்த வேலையைச் செய்கிறது. அரசாங்கம் முத்திரை குத்திச் சொல்வதற்குப் பல வாரங்கள் ஆகும். மொத்தம் 538 தேர்வாளர்கள், 270 வேண்டும், அந்த 2020 தேர்தலில் பென்சில்வேனியாவுக்கு 20 இருந்தன.

என் பள்ளிப் படிப்பு பிரெஞ்சில். அமெரிக்க மாநிலங்கள் இன்றைக்கும் எனக்கு 'பென்சில்வனி', 'ஜியோர்ஜி', 'கரோலின் து நோர்' என்றுதான் மனதில் வரும். நெப்போலியன் 1803இல் விற்றுவிட்ட லூயிசியானாவை வரைபடத்தில் காட்டும்போது எங்கள் வாத்தியார் தன் சொந்த நிலத்தை விற்றதுபோல வருத்தப்படுவார். ஆங்கில அலைவரிசைகளின் கூச்சல் தாங்காதபோது பிரான்ஸ் 24க்கு மாற்றிக்கொள்வேன். என் மனைவிக்கு அந்தத் தேர்தலில் ஒரே அக்கறைதான். மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரத்தில் கமலா ஹாரிஸுக்காகக் கோயிலில் பூஜை செய்ததைத் தமிழ்ச் செய்தியில் காட்டினார்கள். "அந்தப் பொண்ணு ஜெயிச்சுடுமா?" என்று மட்டும் அவ்வப்போது கேட்பாள்.

பகல் பதினொரு மணி வாக்கில் ஃபுளோரிடா டிரம்புக்குப் போனது. ஒரு மணி சுமாருக்கு, அங்கே பின்னிரவு இரண்டரை மணி, டிரம்ப் வெள்ளை மாளிகையில் பேசினார். பென்சில்வேனியாவில் தனக்கு ஆறு லட்சத்துக்கும் மேல் முன்னிலை என்றார். உண்மையைச் சொன்னால் நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றார். ஓட்டெண்ணிக்கையை நிறுத்த வேண்டும், நீதிமன்றத்துக்குப் போகிறோம் என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஐந்தாவது நிமிடம் மச்சானிடமிருந்து போன். என் மனைவியின் தம்பி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன், புதுச்சேரிக்காரர்கள் 'சொல்தா' என்போமே, அந்த வகை. டிரம்ப் என்றால் அவனுக்கு உயிர்.

"பார்த்தீங்களா மாமா, முடிஞ்சுது கதை. இனிமே எண்ணுறதெல்லாம் திருட்டு ஓட்டு."

"இன்னும் உறையே பிரிக்கலையேடா."

"தபால் ஓட்டுன்னாலே மோசடி மாமா. பிரான்ஸ்லயே 1975ல நிறுத்திட்டான். கோர்ஸ்ல செத்தவன் பேர்லல்லாம் ஓட்டுப் போட்டானுங்க. நாங்க கான்சுலேட்ல போய் நின்னு, கவர்ல போட்டு, கண்ணெதிரே பெட்டியில போடுறோம். அன்னிக்கு ராத்திரியே எண்ணி முடிச்சுடறாங்க. அதாம்மா எலெக்‌ஷன்."

அவன் சொன்ன பிரான்ஸ் சங்கதி உண்மைதான். அதனால்தான் எனக்கு உடனே பதில் வரவில்லை. வந்த பதிலும் வாதமாக வரவில்லை.

"அந்தத் திருட்டு ஓட்டுல உன் அக்கா பொண்ணு ஓட்டும் இருக்கு. அவளையும் சேர்த்துத்தான் சொல்றியா?"

"பாப்பாவை யார் சொன்னாங்க? பொதுவாச் சொன்னேன்."

"பொதுவான்னு ஒரு உறை கிடையாது. ஒவ்வொரு உறையிலயும் ஒருத்தர் பேர் இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நாற்பது வருடத்தில் அவனிடம் நான் அப்படிப் பேசியதில்லை. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் என் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு இந்தப் பக்கம் மகள், அந்தப் பக்கம் தம்பி.

அதன்பிறகு மூன்று நாள் நான் பார்த்தது பெரும்பாலும் ஒரே காட்சியை. பிலடெல்ஃபியாவில் ஒரு பெரிய மாநாட்டு மண்டபத்தில் ஓட்டு எண்ணினார்கள். அதை இணையத்தில் நேரடியாகக் காட்டினார்கள். வருணனை கிடையாது. முகக்கவசம் போட்டவர்கள் உறையைப் பிரிக்கிறார்கள், தாளை விரிக்கிறார்கள், தட்டில் அடுக்குகிறார்கள். என் மகளின் கவுண்டி வேறு, அவள் உறை அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓட்டெண்ணிக்கைக்குப் பிரெஞ்சில் 'தெப்புய்மான்' என்று சொல். தோலுரித்தல் என்பதுதான் அதன் வேர்ப் பொருள். வெளித்தோல், உள்தோல், பிறகு சீட்டு. அந்தச் சொல் எவ்வளவு பொருத்தம் என்று பள்ளியில் புரியாதது அன்று புரிந்தது.

டெட்ராய்ட்டில் எண்ணும் இடத்தில் ஒரு கூட்டம் 'நிறுத்து' என்று கத்தியது. ஃபீனிக்ஸ் பக்கம் டிரம்ப் ஆதரவாளர்களே 'எண்ணு' என்று கத்தினார்கள். அங்கங்கே எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பொறுத்தது கோஷம். மலை கரைந்தது. வியாழன் இரவு படுக்கும்போது பென்சில்வேனியாவில் லட்சத்துச் சொச்சம். வெள்ளி காலை இட்லி சாப்பிடும்போது ஐம்பதாயிரத்துக்கும் கீழே. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு ஜார்ஜியா திரும்பியது. இரவு ஏழரை மணிக்குள் பென்சில்வேனியாவும் திரும்பியது. சனிக்கிழமை இரவு பத்து மணிக்குச் சற்று முன்னால் பைடன் ஜெயித்துவிட்டார் என்று எல்லா அலைவரிசையிலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார்கள். பாப்பா போன் செய்து அழுதாள். அவள் தெருவில் யாரோ கார் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது கேட்டது.

அடுத்த சனிக்கிழமை தீபாவளி. மச்சான் வரவில்லை. மகனிடம் பட்சணம் மட்டும் கொடுத்தனுப்பினான். என் மனைவி அதை வாங்கி உள்ளே வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்து நானே போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

அவன்தான் செய்தான். ஜார்ஜியாவில் ஏறக்குறைய 50 லட்சம் சீட்டுகளையும் கையால் மறுபடி எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஃப்ளாய்ட் என்ற கவுண்டியில் முதல் எண்ணிக்கையில் விட்டுப்போன 2500க்கும் மேற்பட்ட ஓட்டுகள் கிடைத்தன. அதில் டிரம்புக்குத்தான் அதிகம்.

"பார்த்தீங்களா மாமா? நான் சொன்னேனே!"

இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. "வீட்டுக்கு வா, ஒண்ணு சொல்லணும்" என்றேன். மாலையே வந்துவிட்டான். அதுவரை நான் யாரிடமும், மனைவியிடமும்கூட, சொல்லாததை அவனிடம் சொன்னேன்.

வாக்குச்சீட்டுக் காலத்தில், ஒரு தேர்தலில் எனக்கு எண்ணும் மேசையில் டியூட்டி. காலையில் உட்கார்ந்தவர்கள் நள்ளிரவு தாண்டியும் எழவில்லை. சீட்டைப் பிரித்துச் சின்னம் பார்த்து, அவரவர் பெட்டியறையில் போட்டு, கட்டுக் கட்டிக்கொண்டிருந்தோம். எதிரே கம்பி வலைக்கு அப்பால் வேட்பாளரின் முகவராக ஒரு பெரியவர். "சார், அந்தக் கட்டு மாறிப்போச்சு, கொஞ்சம் பாருங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம். "நாங்க என்ன யாரோட ஆளுன்னு நினைச்சீங்க?" என்று சத்தம் போட்டேன். மேற்பார்வையாளர் வந்து கட்டைப் பிரித்தார். பெரியவர் சொன்னது சரி. ஒருவருடைய ஒரு கட்டு முழுவதையும் இன்னொருவர் அறையில் வைத்திருந்தேன். மொத்தக் கூட்டல் சரியாகவே வந்திருக்கும். அவர் பார்க்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. திருத்தினோம். அந்தப் பெரியவரின் வேட்பாளர் தோற்றார், கட்டு மாறியதாலோ திருத்தியதாலோ முடிவு மாறவில்லை. விடிந்து வீட்டுக்கு வந்து படுத்தும் தூக்கம் வரவில்லை. தப்பு செய்ததைவிட, அவரிடம் கத்தியதுதான் உறுத்தியது.

மச்சான் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அதனால ஜார்ஜியாவுல தப்பே நடக்கலேன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றேன். "அசதியில தப்பு வரும். கண்டுபிடிச்சாத் திருத்தணும். அந்தப் பெரியவர் 'பாருங்க'ன்னுதான் சொன்னார். 'நிறுத்துங்க'ன்னு சொல்லலை."

அவன் கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, அதிரசம் மீதி இருக்கா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டான். அவன் கொண்டுவந்து கொடுத்த அதிரசம்தான்.

ஜார்ஜியாவில் கடைசியில் வித்தியாசம் 11,779. பென்சில்வேனியாவில் சுமார் 80,000. 306க்கு 232. பிறகு 2021 ஜனவரி 6ஆம் தேதி அந்த நாட்டு நாடாளுமன்றக் கட்டடத்தில் நடந்ததை எல்லோரும் பார்த்தோம். அன்று மச்சான் போன் செய்யவில்லை. நானும் குத்திக்காட்டவில்லை.

2024இல் மறுபடி அதே டிரம்ப். இந்த முறை ஒரே நாளில் முடிந்துவிட்டது. நம் நேரம் புதன் மாலை நான்கு மணிக்கெல்லாம் ஜெயித்துவிட்டார் என்று சொல்லிவிட்டார்கள். பென்சில்வேனியாவும் அவருக்குத்தான். கமலா ஹாரிஸ் தோற்றதில் என் மனைவிக்கு வருத்தம். மச்சான் ஸ்வீட் பாக்ஸோடு வருவான் என்று எதிர்பார்த்தேன். போன்தான் வந்தது.

"மாமா, பாப்பா இந்தத் தடவையும் தபால்லதான் போட்டாளா?"

"ஆமாம்."

"எண்ணிட்டாங்களாமா?"

"எண்ணிட்டாங்க. தோத்துப் போச்சு."

"சரி, எண்ணிட்டாங்கல்ல" என்றான். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அக்காவிடம் போனைக் கொடுக்கச் சொன்னான்.