மடை திருப்புறவன்

2019 மார்ச் 9. தென்னைக்குத் தண்ணி கட்டுற வேலையைப் போட்டுட்டு, பையனோட நெருப்பெரிச்சல்ல பஸ் ஏறி கோயமுத்தூர் நேரு ஸ்டேடியம் போனேனுங்க. ஐ-லீக் கடைசி ஆட்டம். ஜெயிச்சா சென்னை சிட்டிக்குக் கோப்பை.

பையனுக்கு அந்த டீம்ல நெஸ்டர் கோர்டில்லோ மேல உசுரு. ஸ்பெயின்காரர், நடுக்கள ஆட்டக்காரர். நான் மடை திருப்புறாப்ல பந்தைத் திருப்பி விடுற வேலை. மொதல்ல ஒரு கோல் வாங்கி, அப்புறம் மினர்வா பஞ்சாபை 3-1னு ஜெயிச்சாங்க.

அடுத்த சீசனே நெஸ்டர் ஹைதராபாத் டீமுக்குப் போயிட்டார். பையன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டான். "கடல் தாண்டி பொழைக்க வந்தவரு, வேலை இருக்கிற பக்கம் போறாரு. தப்பாடா?"ன்னேன்.

போன வாரம் அவனே பெங்களூர் வேலைக்குக் கிளம்பினான். அன்னைக்குச் சொன்ன சொல்லு எனக்கே திரும்பி வந்துருச்சு பாருங்க. பையை நானே தூக்கிட்டுப் போயி பஸ் ஏத்தி விட்டேன்.

மடை திருப்பத்தான் இனி ஆளில்லை.