வட்டம் முட்டையானது

மே 2, 2016, திங்கள்

சேலத்தில் மாமா வீட்டுக்கு எல்.இ.டி. டி.வி. வந்துவிட்டது. ஏழு வருடம் கூடத்தை ஆண்ட 42 இஞ்ச் பிளாஸ்மா திண்ணையில் நிற்கிறது. "எடைக்குப் போட மனசு வரலீங் மாப்ள. பண்ணை ஆபீஸ்ல கம்ப்யூட்டருக்கு மாட்டிக்குங்க" என்றார். இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடிகிறது. படுக்க வைத்தால் கண்ணாடி விரிசல் விடலாம் என்பதால் போர்வை சுற்றி, குட்டியானையில் நிறுத்தியபடியே நாமக்கல் பக்கம் புதுச்சத்திரத்தில் இருக்கும் எங்கள் கோழிப்பண்ணைக்குக் கொண்டுவந்தோம்.

மே 3

எச்.டி.எம்.ஐ. வயர் செருகினேன். படம் வந்தது, ஸ்டார்ட் பட்டனைக் காணோம்! நாலு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுவது பிக்சர் டியூப் காலத்துப் பழக்கம். சினிமாவுக்கு ஒன்றும் குறையாது, கணக்கு ஷீட்டுக்குக் கடைசி வரியே போய்விடும். பழைய வி.ஜி.ஏ. வயருக்கு மாறியதும் ஓரங்கள் திரும்பி வந்தன.

அடுத்த கூத்து மாலையில். மகள் பெயிண்டில் ஒரு வட்டம் வரைந்தாள். படுத்த முட்டையாகத் தெரிந்தது. திரை அகலம், ஆனால் புள்ளிகள் 1024-க்கு 768, பழைய சதுர மானிட்டரின் கணக்கு. அகலத்தை நிரப்ப ஒவ்வொரு புள்ளியையும் மூன்றில் ஒரு பங்கு அகட்டியே செய்திருக்கிறார்கள். "நாமக்கல் டி.வி.ன்னா அப்படித்தான்" என்றாள் மனைவி. கம்ப்யூட்டரில் அகல அளவு வைத்தால் வட்டம் வட்டமாகிறது, எழுத்து மசமசக்கிறது. எனக்கு எழுத்துதான் முக்கியம். முட்டையே இருக்கட்டும்.

மே 4

மேசையில் உட்கார்ந்தால் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆறடி தள்ளிக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு தீவனக் கணக்கு எழுதினேன். கழுத்து வலி இல்லை. வயர் மட்டும் எட்டியும் எட்டாமலும்.

மே 8, ஞாயிறு

பிளாஸ்மா பற்றித் தேடிப் படித்தேன். டி.வி.யைக் கம்ப்யூட்டருக்கு மாட்டி ஏதோ ஒட்டுவேலை செய்துவிட்டதாக நினைத்திருந்தேனே, அது தப்பு. 1964-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிட்சர், ஸ்லாட்டோ என்ற இரண்டு பேராசிரியர்களும் வில்சன் என்ற மாணவரும் பிளேட்டோ என்ற பாடம் சொல்லும் கம்ப்யூட்டருக்காகவே இதைச் செய்திருக்கிறார்கள். அப்போது நினைவகம் யானை விலை. கண்ணாடிகளுக்கு நடுவே வாயு அடைத்த சிறு அறைகள்; ஒருமுறை பற்றவைத்தால், மின்சாரம் தாங்கிக்கொண்டிருக்கும் வரை எரிந்துகொண்டே இருக்கும். திரையே தன் படத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். 1972 வாக்கில் வந்தது 512-க்கு 512 புள்ளி, முழுக்க ஆரஞ்சு நிறம். வண்ணமும் சினிமாவும் பிற்பாடு வந்தவை. இப்போது பெரிய கம்பெனிகள் எல்லாம் பிளாஸ்மா செய்வதையே நிறுத்திவிட்டன.

மே 12

வெயில் கொல்கிறது. கோழிகள் வாயைப் பிளந்து நிற்கின்றன, தீவனம் இறங்கவில்லை, கூரைமேல் தண்ணீர் தெளிப்பு ஓயவில்லை. ஆபீஸுக்குள் பிளாஸ்மா வேறு அடுப்பு மாதிரி. இதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிவதால், வெள்ளைத் திரைக்குத்தான் கரண்ட் அதிகம். எக்செல் ஷீட்டோ முழு வெள்ளை. கட்டங்களைக் கறுப்பாக்கி எழுத்தைச் சாம்பலாக்கினேன். பின்பக்கத்தில் கை வைத்துப் பார்த்தேன், சூடு தணிந்திருக்கிறது. வேலைக்கு வரும் பெரியம்மா எட்டிப் பார்த்து, "ஏஞ்சாமி, டி.வி. போயிருச்சா?" என்றார்.

மே 19, வியாழன்

சட்டசபைத் தேர்தல் ஓட்டு எண்ணிக்கை. காலையிலேயே மாமா சேலத்திலிருந்து வந்துவிட்டார். புது டி.வி.யில் கறுப்பு கறுப்பாகவே இல்லையாம்! கணக்கை மூடி நியூஸ் போட்டேன். மொத்தம் 234 தொகுதி, எண்ணியது 232. காவிரிக்கு அந்தப்பக்கம் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் ஓட்டுப்பதிவே நடக்கவில்லை.

அவர் போனபிறகு ஷீட்டைத் திறந்தேன். திரையின் வலது மேல் மூலையில் மங்கலாக ஒரு வட்டச் சின்னம். மாமா வீட்டில் அத்தை ஏழு வருடம் சீரியல் பார்த்த சேனலின் லோகோ, திரையில் படிந்தே போயிருக்கிறது. இத்தனை நாள் கண்ணில் படவில்லை. அன்றன்றைய முட்டை ரேட் எழுதும் கட்டம் சரியாக அதன் கீழே. நாலா மூன்றா என்று தெரியவில்லை.

ரேட் கட்டத்தை இரண்டு காலம் இடப்பக்கம் தள்ளிவைத்தேன்.