மணற்குழி உத்தியோகம்

பாலர் பள்ளி உபாத்தியாயினியின் உத்தியோகம், பிள்ளைகளை மரத்தடியில் விளையாட விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதுதானே என்று என் பிரிவுபசாரக் கூட்டத்தில் சபைப் பெரியவர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்ல, கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். திருச்சபைப் பள்ளிக்கூடங்களால் தலைமுறை தலைமுறையாக எழுத்தறிந்த திருநெல்வேலிச் சீமையில், அதே பள்ளிகளில் படித்தவர்களே அவ்விதம் சிரித்தது எனக்கு மனஸ்தாபத்தை உண்டாக்கிற்று. ஏனெனில், அந்தச் சும்மா உட்கார்ந்திருத்தலைக் காட்டிலும் பிரயாசையான வேலை எங்கள் தொழிலில் வேறில்லை.

அந்த மரத்தடியில் பிள்ளைகள் விளையாடும் மணற்குழியைப் பற்றி நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. ஆற்று மணலைச் சலித்து, காலையில் நீர் தெளித்துப் பதப்படுத்தி, இரவில் பூனைகள் அசுத்தம் செய்யாதபடி பழைய மீன்வலையால் மூட வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. வட்ட ஜெபம் முடிந்து, சிரட்டைகளோடும் நுங்கு வண்டிகளோடும் ஓலைக் காற்றாடிகளோடும் பிள்ளைகள் கலைந்து போன பிறகுதான் உண்மையான கஷ்டம், அதாவது வாயை மூடிக்கொண்டிருப்பது, ஆரம்பமாகிறது.

இந்த வித்தையை எனக்குக் கற்றுத்தந்த தலைமை ஆசிரியை அம்மையார் மகா கண்டிப்பானவர். பயிற்சிக்கு வரும் பெண்களை மணற்குழியின் ஓரத்தில் ஒரு தண்ணீர்க் குடத்துடன் உட்கார வைத்து, குழந்தை கேளாமல் ஒரு வார்த்தையும் பேசலாகாது என்று விதித்துவிட்டு, தாம் எதிர்த் திண்ணையில் தையலைக் கையில் எடுத்துக்கொள்வார். விதைக்கிறவன் உவமையை அவர் ஒருநாளும் முதலில் கதையாகச் சொன்னதில்லை. மிதிபட்டு இறுகிய பாதையும், பாறைமேல் படிந்த மெல்லிய மண்ணும், உடைமுள் மண்டிய மூலையும், கொத்திவிட்ட பாத்தியும் எங்கள் முற்றத்திலேயே இருந்தபடியால், ஆளுக்கொரு பிடி கம்பைக் கொடுத்து இஷ்டம்போல் இறைக்கச் சொல்லுவார். பாதையில் விழுந்ததை மைனாக்கள் அப்போதே பொறுக்கிவிடும். பாறைமேல் முளைத்தது வெயிலில் கருகும். பாத்தியில் முளைத்ததற்குப் பிள்ளைகள் சிரட்டையில் தண்ணீர் சுமப்பார்கள். கதை அதற்குப் பிறகுதான் வரும்.

ஒரு சமயம் ஒரு சிறுவன், மைனாவுக்கும் இயேசப்பாதான் சோறு போட்டார் என்று சந்தோஷப்பட்டு, தன் பங்குக் கம்பு முழுவதையும் பாதையிலேயே கொட்டிவிட்டான். உவமையின் கருத்தே தலைகீழாகிறதே என்று பயிற்சிப் பெண் ஒருத்தி திருத்தப் போக, அம்மையார் தையலிலிருந்து நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவள் அடங்கிப்போனாள். மலைப் பிரசங்கத்தில் ஆண்டவர் பறவைகளைக் காட்டிப் போதித்ததை அந்தப் பிள்ளை ஒருவர் துணையுமின்றி எட்டிவிட்டான் என்பதை, பிள்ளைகள் வீடு சென்ற பின்னரே எங்களுக்கு விளக்கினார்.

இப்படிப் பிள்ளைகளை விளையாட்டின் வழியே கற்கவிடும் பாலர் பள்ளி முறையில் எங்களுக்கு முன்னோடியான புரோபெல், லூத்தரன் போதகரின் மகன். சகலத்தையும் இணைக்கும் தெய்வ ஐக்கியத்தைக் குழந்தை பந்திலும் பாத்தியிலும் உணரக்கூடும் என்று நம்பி, 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் ஊரில் தம் பள்ளியைத் தொடங்கியவர். அப்படிப்பட்டவருடைய முறையில் நாஸ்திகம் இருக்கிறதென்று பிரஷ்ய அரசாங்கம் 1851இல் தடை விதித்தது. மறுவருஷம் அவர் காலமானார். தடை நீங்கியது 1860இல். அன்று அவர்மேல் நாஸ்திகத்தைச் சுமத்தினார்கள். இன்று எங்கள்மேல் சோம்பலைச் சுமத்துகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இக்காலத்து ஆசிரியைகளின் பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவர்கள் விதைக்கிறவனைத் தொலைக்காட்சிப் பெட்டியில் ஓடவிட்டு, படம் முடிவதற்குள்ளாகவே வசனத்தை ஒப்பிக்கச் சொல்லி, ஒப்பித்தவனுக்கு மிட்டாய் கொடுத்து அனுப்புகிறார்கள். குழந்தை யோசிப்பதற்கு எடுத்துக்கொள்ளும் அவகாசத்தை அவர்களால் சகிக்க முடிகிறதில்லை. நிர்வாகத்தினருக்கோ சீருடை அழுக்காகக் கூடாது. நான் பணியாற்றிய முற்றம் இப்போது சிமெண்டுத் தளமாகி, அதன்மேல் பிளாஸ்டிக் புல்லும் விரிக்கப்பட்டிருக்கிறது. அங்கே கம்பு முளைக்காது. மைனா இறங்குவதற்கும் ஒரு காரணமில்லை.

இனிமேல் சிமெண்டு போடத் தீர்மானம் எழுதும் நிர்வாகிகள், வேப்பமரத்துத் தூரிலாவது நாலு பாய் அகலத்துக்கு மண்ணை விட்டுவைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். மணல் சலிக்கும் கூலியை என் கைப்பணத்திலிருந்து தரச் சித்தமாயிருக்கிறேன்.