எந்தத் தெருவுக்கு, எத்தனை மணிக்கு?

ஹூஸ்டன், டெக்சாஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

பூண்டி ஏரி நிரம்பி உபரி நீர் திறக்கும் வருஷமெல்லாம் பேப்பரில் ஒரு பட்டியல் வரும். நம்பாக்கம், கிருஷ்ணாபுரம், ஆட்ரம்பாக்கம், ஒதப்பை என்று தொடங்கும். மெய்யூர், வெள்ளியூர், தாமரைப்பாக்கம் என்று கொசஸ்தலை ஆற்றோடு கூடவே இறங்கி வரும். சீமாவரம், வெள்ளிவாயல்சாவடி, நாப்பாளையம், இடையஞ்சாவடி, மணலி, மணலி புதுநகர், சடையங்குப்பம், எண்ணூர் என்று கடலில் போய் முடியும். கரையோர மக்கள் பாதுகாப்பாக இருக்கவும் என்று அடியில் ஒரு வரி. நம் மணலி புதுநகர் கிட்டத்தட்டக் கடைசியில் இருக்கிறது. நம்மிடம் வருமுன் அந்தத் தண்ணீர் அத்தனை ஊரையும் கடந்தாக வேண்டும். அப்படியானால் நமக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. அது எவ்வளவு என்பதைத்தான் அந்தப் பட்டியல் சொல்வதில்லை. தண்ணீர் முழங்கால் வரைக்கா, கடை ஷட்டரில் பாதி வரைக்கா என்பதும் அதில் இருக்காது.

அதற்குப் பதில் ‘விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி’ என்று போட்டிருக்கும். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். 10,000 கன அடி என்றால் நொடிக்கு 2 லட்சத்து 83 ஆயிரம் லிட்டர். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணி லாரியில் கணக்குப் போட்டால், ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய இருபத்துநான்கு லாரியைக் கவிழ்ப்பதற்குச் சமம். பயப்படுவதற்கு இந்தக் கணக்கு போதும். ஆனால் அரிசி மூட்டையை இன்று ராத்திரியே பரணில் ஏற்ற வேண்டுமா, விடிந்து ஏற்றினால் போதுமா என்று மாமா கேட்டால் இதில் பதில் இல்லை. இன்ஜினியருக்குச் சொல்ல வேண்டியதை ஜனங்களுக்கும் அப்படியே சொல்லிவிட்டு, எச்சரித்தாயிற்று என்று கணக்கு எழுதிக்கொள்கிறார்கள். எனக்கு இதில் கோபம்தான்.

நான் இருக்கும் ஊரும் இந்த விஷயத்தில் உத்தமம் இல்லை. ஹூஸ்டனும் மணலி மாதிரியே ஆயில் ரிஃபைனரி ஊர், துறைமுக ஊர், தட்டையான ஊர். ஊருக்கு மேற்கே ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு நீர்த்தேக்கம். சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர் வைத்த நம் பூண்டி 1944இல் முடிந்தது. பார்க்கர் 1945, ஆடிக்ஸ் 1948. மூன்றும் ஒரு தலைமுறை அணைகள். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்து நகராமல் நின்றபோது இந்த இரண்டும் தாங்கவில்லை. ஆகஸ்ட் 28 அதிகாலை 2 மணிக்குத் திறப்போம் என்றார்கள். நீர்மட்டம் ஏறிய வேகத்தில் சொன்ன நேரத்துக்கு முன்பே திறந்தார்கள். கீழே பஃபலோ பேயூ ஓரத்து வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அணைக்கு மேல்பக்கத்தில் தேங்கிய தண்ணீரில் மூழ்கிய வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். அரசாங்கமே பொறுப்பு என்று 2019இல் தீர்ப்பு வந்தது.

ஆனால் இந்த ஊரிடம் நாம் கேட்டு வாங்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த மாவட்டத்தில் ஓடைகளுக்குக் குறுக்கே உள்ள பல பாலங்களில் நீர்மட்டக் கருவி வைத்திருக்கிறார்கள். இப்போது தண்ணீர் எத்தனை அடி, எத்தனை அடி வந்தால் கரை வழியும் என்று இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இணையத்தில் தெரியும். இன்ஜினியர் பார்க்கும் அதே திரையைத்தான் சலூன் கடைக்காரரும் பார்க்கிறார். ஜெர்மனியில் பஸ்ஸாவ் என்ற ஊரில் இன்னும் சுலபமான வழி வைத்திருக்கிறார்கள். நகர மண்டபச் சுவரில் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு கோடு, பக்கத்தில் வருஷம். 1501இல் வந்த வெள்ளத்துக்குக் கூட அடையாளம் இருக்கிறது. 2013இல் தண்ணீர் கிட்டத்தட்ட அதே உயரத்துக்கு வந்தது. 2021 நவம்பரில் நம் புதுநகருக்குள் ஆறு புகுந்து படகில் ஆட்களை மீட்டார்களே, அப்போது தண்ணீர் நின்ற கறையை யாராவது ஒரு மின்கம்பத்தில் பெயின்ட் அடித்து வைத்தார்களா? வைகுண்டர் பதி மதிலில் ஒரு கோடு, டி.பி.பி. ரோடு பாலத்தூணில் ஒரு கோடு, ரேஷன் கடையில் ஒன்று. செலவு ஒரு டப்பா பெயின்ட்.

மழைநீர் வடிகால் போட்டிருக்கிறார்களே என்று நீ கேட்பாய். கொசஸ்தலைப் படுகை வடிகால் பெரிய திட்டம்தான். ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு 3,220 கோடி ரூபாயில் போட்டது. தெருவில் பெய்த மழையை ஆற்றுக்குக் கொண்டுபோக அது உதவும். ஆறே நிறைந்து நிற்கும் நாளில் வடிகாலின் வாய் தண்ணீருக்குள் இருக்கும், அப்போது அது எங்கே கொண்டுபோய் ஊற்றும்? அதற்குக் கீழே எண்ணூர் முகத்துவாரம். மணல் மேடு ஒரு பக்கம், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து தூர்ந்த கழிமுகம் ஒரு பக்கம். அமாவாசை, பௌர்ணமி என்றால் கடல் ஏற்றம் வேறு. பூண்டித் தண்ணீரும் பெரிய ஏற்றமும் சேர்ந்து வந்தால் வெள்ளம் வடிய நாளாகும். மழைக்கால எச்சரிக்கையோடு திதியையும் பார்த்துக்கொள். நம் மீனவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி மணலிக்கென்றே உள்ள சங்கதி. நம் பக்கத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்குப் போனது. நாம் இன்னும் எம்.ஆர்.எல். என்றே சொல்லும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் வளாகத்திலிருந்து அது வந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லிற்று, பசுமைத் தீர்ப்பாயமும் தானாக வழக்கை எடுத்தது. காட்டுக்குப்பத்திலும் எண்ணூர் குப்பத்திலும் படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. மீனவக் குடும்பங்கள் 2,301க்குத் தலா 12,500 ரூபாய், மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய் என்று அரசு கொடுத்தது. எண்ணெய்க் கறை அதே மாதம் போய்விடவில்லை. அதற்குள் டிசம்பர் 26 ராத்திரி, உர ஆலைக்கு அமோனியா வரும் கடலடிக் குழாய் கசிந்து பெரியகுப்பம் ஜனங்கள் மூச்சு முட்டி நடுத்தெருவில் ஓடினார்கள்.

இன்னொன்றும் ஞாபகம் வைத்துக்கொள். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. அதற்குப் பிறகுதான் நம் மணலியில் ஒரு சரக்குப் பெட்டகக் கிடங்கில் அதே பொருள் ஏறக்குறைய 700 டன், 37 கன்டெய்னர்களில் இருக்கும் செய்தி வெளியே வந்தது. 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சரக்கு அது. பெய்ரூட் வெடிக்காமல் இருந்திருந்தால் நமக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பிறகு ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள்.

ஹார்வியின்போது இங்கே கிராஸ்பி என்ற இடத்தில் அர்க்கீமா ரசாயன ஆலைக்குள் தண்ணீர் ஏறிக் கரன்ட் போயிற்று, ஜெனரேட்டரும் போயிற்று. குளிரிலேயே வைக்க வேண்டிய பெராக்சைடு சூடேறி எரிந்தது. சுற்றிலும் ஒன்றரை மைல் காலி செய்தார்கள். ஆலை வெடிக்கத் தனியாகப் பூகம்பம் வர வேண்டியதில்லை, தரையோடு இருக்கும் ஒரு மின்சாரப் பெட்டி நனைந்தால் போதும். நம் ஊரில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. போபாலுக்குப் பிறகு வந்த 1989ஆம் வருஷத்து அபாய ரசாயன விதிகளில் 15ஆவது விதி, விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய ஜனங்களுக்கு என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்கிறது. உன் வீட்டுக்கு அப்படி ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறதா என்று அடுத்த போனில் சொல். அமோனியா நெடி வந்தால் ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே நடந்து விலக வேண்டும். அமோனியா தண்ணீரில் கரையும், அதனால்தான் ஈரத்துணி. காற்று போகும் பக்கமே ஓடினால் புகையோடு சேர்ந்து ஓடுவதுதான்.

கடை விஷயத்துக்கு வருகிறேன். மிக்ஜாமுக்குப் பிறகு ரேஷன் கடையில் கொடுத்த 6,000 ரூபாய் அந்த நேரத்துக்கு உதவிற்று, சரி. அதில் ஒரு ஃப்ரிட்ஜ் வாங்க முடியாது. 2021 ஏப்ரல் 1 முதல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாகச் சில பாலிசிகளை வைத்திருக்கிறது. வீட்டுக்குப் பாரத் கிரஹ ரக்ஷா, 5 கோடி வரை உள்ள சிறு கடை, பட்டறைகளுக்குப் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. இரண்டிலும் வெள்ளம் சேர்ந்தே வரும். வீட்டுப் பாலிசியில் கட்டடத்துக்கு எடுத்தால், வீட்டுச் சாமானுக்கும் அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகவே சேரும். பேங்க் லோனோடு ஏற்கெனவே ஒரு பாலிசி போட்டிருப்பார்கள். அதை எடுத்துப் பார். விலாசம் சரியா, சரக்கு உண்மையான மதிப்புக்குப் போட்டிருக்கிறதா என்று மாமாவைப் படிக்கச் சொல். மதிப்பைக் குறைத்துப் போட்டால் பிரீமியத்தில் மிச்சமாகும் நூறு இருநூறு, வெள்ளம் வரும் வருஷம் பல மடங்காகப் போய்விடும். இங்கே கதை வேறு. சாதாரண வீட்டுப் பாலிசியில் வெள்ளம் கிடையாது, 1968இல் தொடங்கிய அரசாங்க வெள்ளக் காப்பீட்டைத் தனியாக வாங்க வேண்டும், அதுவும் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் செல்லும். ஹார்வியில் சேதமான வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது இல்லை.

மாமாவின் ஆடிட்டரிடம் கேட்க வேண்டியது ஒன்று. வெள்ளத்தில் அழிந்த சரக்குக்கு ஏற்கெனவே எடுத்த ஜி.எஸ்.டி. வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். சரக்கும் போய் வரியும் போகும். சரக்குக்கு மதிப்புப் போடும்போது இதையும் சேர்க்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்கு முன்னால் கடையை ஒரு சுற்று போனில் வீடியோ எடுத்து எனக்கு அனுப்பிவிடு, என் போன் நனையாது. பில் புக், உரிமம், பத்திரம், பசங்க சர்டிபிகேட் எல்லாவற்றுக்கும் படம். மிக்ஜாமுக்குப் பிறகு தொலைந்த சான்றிதழ்களுக்கு அரசு முகாம் போட்டது நல்ல காரியம், ஆனால் அந்த வரிசையில் நிற்காமல் இருப்பது இன்னும் நல்லது. கீழ்த்தட்டில் உப்பும் சோப்பும் வேண்டாம், பாட்டிலும் பிளாஸ்டிக் டப்பாவும் இருக்கட்டும். ஃப்ரிட்ஜுக்கு ஸ்டாண்ட். சுவிட்ச் போர்டும் மீட்டரும் 2023 கறைக்கு மேலே இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு.

தண்ணீர் வடிந்த பிறகு அவசரம்தான் எதிரி. முதலில் படம், பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல், அதற்குப் பிறகுதான் குப்பை. நனைந்த மூட்டையை சர்வேயர் வருமுன் வீசினால் பேச்சுக்கு இடமில்லாமல் போகும். முங்கின வண்டியை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. என்ஜினுக்குள் தண்ணீரோடு உதைத்தால் கனெக்டிங் ராடு வளையும், தனியாக என்ஜின் பாதுகாப்பு எடுக்காத பாலிசியில் அதற்குப் பணம் கிடைப்பது கஷ்டம். தரைத்தொட்டியை முழுதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகே நிரப்ப வேண்டும். காலில் புண் இருப்பவர்கள் அந்தத் தண்ணீரில் இறங்கியிருந்தால் எலிக்காய்ச்சல் மாத்திரை பற்றி டாக்டரைக் கேட்கட்டும். இங்கே சுவர் என்பது மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. நனைந்தால் நாலு அடி உயரத்துக்கு அறுத்து வாசலில் கொட்டுவார்கள், ஹார்வி முடிந்து மாதக்கணக்கில் தெருவெல்லாம் அந்த மலைதான். நம் செங்கல் சுவர் நிற்கும், ஆனால் ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்ளும். பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடித்தாக வேண்டும் என்று அவசரப்பட்டால் சித்திரைக்குள் உப்புப் பூத்து பெயின்ட் உரியும். ஒரு கோடையைத் தாண்ட விடு.

இதையெல்லாம் செய்ய ஒரு பகல் பொழுதாவது வேண்டும். அந்தப் பொழுதைக் கொடுக்க வேண்டியது நீர்வளத்துறையும் மாநகராட்சியும். சென்னைப் படுகை ஆறுகளுக்கு நிகழ்நேர வெள்ள முன்னறிவிப்பு என்று ஒரு திட்டத்தை அரசு எடுத்திருக்கிறது, கொசஸ்தலையும் அதில் உண்டு. அதன் கணக்கு அதிகாரிகளின் திரையோடு நின்றுவிட்டால் நமக்குப் பயனில்லை. நம் தெரு வரைக்கும் வர வேண்டும்.

அதனால் ஒரு காரியம் செய். ஏரியா சபை கூடினால் அங்கே, இல்லையென்றால் மணலி மண்டல அலுவலகத்தில், தெருவில் உள்ள கடைக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஆடி முடிவதற்குள் ஒரு மனு கொடுங்கள். மூன்று கேள்வி போதும். பூண்டியில் பத்தாயிரம், இருபதாயிரம், முப்பதாயிரம் கன அடி திறந்தால் ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரத்தில் புதுநகருக்குத் தண்ணீர் வரும், எந்தெந்தத் தெருவில் எத்தனை அடி நிற்கும்? பழைய வெள்ளங்களின் உயரத்தை மின்கம்பங்களில் எப்போது குறிப்பீர்கள்? 15ஆவது விதிப்படி ஆலைகள் எங்களுக்குத் தர வேண்டிய தகவல் எங்கே? மனுவின் நகலில் சீல் வாங்க மறக்காதே. எர்ணாவூரிலும் திருவொற்றியூரிலும் இந்த மடலைப் படிப்பவர்கள் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு இதே மனுவைக் கொடுக்கலாம்.

அன்புடன்,
உன் தம்பி